வெறும் வயிற்றில் அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மருந்துக்கடை நடத்தி வருகிறேன். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. எழுதிய மருந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பது மட்டும் கடைக்காரன் கண்ணில்தான் முதலில் படும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புப்புரைக்காக எழுதித் தரப்படும் மாத்திரையைப் பற்றி, அப்படி என் கண்ணில் பட்டவற்றை வைத்துக்கொண்டு இன்று பேசுகிறேன்.

பெரும்பாலும் எழுதித் தரப்படுவது அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம். வாரத்துக்கு ஒன்று, நான்கு மாத்திரை கொண்ட ஓர் அட்டை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு வரும். முதல் மாதம் சீட்டைக் காட்டி வாங்குவார்கள். இரண்டாம் மாதம் பழைய அட்டையைக் காட்டி வாங்குவார்கள். நான்காம் மாதம் பலர் வருவதில்லை. சந்தையில் பார்த்து விசாரித்தால் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "வலி ஒண்ணும் கொறையிலீங்க, அப்பறம் எதுக்குங்க காசைக் குடுத்துட்டு?"

இந்தப் பதிலில் அந்த அம்மாவின் தவறு எதுவும் இல்லை. தவறு நாம் வைத்திருக்கும் பெயரில் இருக்கிறது. முழங்கால் மூட்டு தேய்ந்து வலிப்பதையும் 'தேய்மானம்' என்கிறோம், எலும்பு உள்ளுக்குள்ளேயே அடர்த்தி குறைந்து கறையான் அரித்த விட்டம் போல ஆவதையும் 'தேய்மானம்' என்கிறோம். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். எலும்புப்புரை, எலும்பு முறிகிற நாள் வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே அதற்கான மாத்திரை முழங்கால் வலியைக் குறைக்காது, குறைப்பதற்காகத் தரப்படுவதும் இல்லை. வாசற்படியில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியாமல் இருப்பதற்காகத் தரப்படும் மருந்து அது. முறியாமல் போன எலும்பை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை என்பதால், மருந்து வேலை செய்வதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதுகெலும்பில் ஏற்படும் முறிவுகளில் பெரும்பகுதி முறிவு என்றே தெரியாமல் போய்விடுகிறது. "கொஞ்சம் பிடிச்சிருக்குது" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். ஆனால் போன வருடம் கைக்கு எட்டிய அட்டாலிப் போசி, அதாவது பரண்மேல் பாத்திரம், இந்த வருடம் எட்டவில்லை என்றால், உயரம் குறைந்திருக்கிறது என்று பொருள்; இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

எலும்பு கல்லைப் போல ஒரே நிலையில் கிடப்பதில்லை. வரப்பில் ஓர் ஆள் வெட்டிக்கொண்டே போக, இன்னோர் ஆள் பின்னாலேயே மண் அணைத்துக்கொண்டே வருவதைப் போல, எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. வெட்டும் ஆளை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது குறைந்துவிடுவதால், வெட்டு அதிகமாகி அணைப்பு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அடுத்த 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூட இழப்பு ஏற்படலாம். அலென்ட்ரோனேட் எலும்பில் போய்ப் படிந்து, வெட்டும் செல்லின் கையைக் கட்டிப்போடுகிறது. 1996-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. அலென்ட்ரோனேட் உண்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மாத்திரை யாருக்குத் தேவை என்பதை, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், முன்பு ஏற்பட்ட முறிவு, வயது, தாய் தந்தைக்கு இடுப்பெலும்பு முறிந்த வரலாறு, ஸ்டீராய்டு மருந்து உண்ட காலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஸ்கேனில் 'டி ஸ்கோர்' என்னும் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று கொள்வார்கள். கல்யாண மண்டபங்களில் நடக்கும் முகாம்களில் குதிகாலைக் கருவிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்லும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து "இதுக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த எண், ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று யோசிக்க உதவும். மருந்து தொடங்க அது போதாது. மாத்திரை தொடங்கும் முன் இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். கால்சியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இந்த மாத்திரை பொருந்தாது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் பகுதியிலும், காலை எட்டு மணிக்கு பனியன் கம்பெனிக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வரும் பெண்ணுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

இனி, இந்த உரைக்கு நான் ஒப்புக்கொண்டதற்கே காரணமான செய்திக்கு வருகிறேன். இந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படும் அளவு மிகக் குறைவு. எல்லாம் சரியாகச் செய்து வெறும் வயிற்றில் உண்டாலும், உண்டதில் நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. காபியோடு உண்டால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். பாலோடோ கால்சியம் மாத்திரையோடோ உண்டால் ஏறக்குறைய எதுவுமே சேராது. காலையில் எழுந்ததும், வரக்காப்பிகூடக் குடிக்காமல், மாத்திரையை மெல்லாமல், சப்பாமல், ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதையும் உண்ணக் கூடாது, தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது, படுக்கவும் கூடாது. உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். குனிந்து கோலம் போடுவதையும் பால் கறப்பதையும் அந்த அரை மணிக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் என்றேன், எந்தத் தண்ணீர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்லின் தண்ணீரைக் காய்ச்சினால், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா, அதில் கால்சியம் மிகுதி. கால்சியம் மிகுந்த தண்ணீரில் இந்த மாத்திரையை உண்ணக் கூடாது. கோயம்புத்தூரில் இருப்பவர்கள் சிறுவாணித் தண்ணீரிலும், எங்கள் பக்கத்தவர்கள் குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலும் உண்ணலாம். அதுவும் இல்லையென்றால் கேன் தண்ணீர்.

படுக்கக் கூடாது என்பதை நான் பாடமாகக் கற்றது என் தவறினால். தொடக்க காலத்தில் ஓர் அம்மாவுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தபோது, கவரின் மேல் 'வாரம் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை, கடையில் கூட்டம். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் பாலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே படுத்திருக்கிறார். மூன்றாவது வாரம் நெஞ்சு எரிச்சல், நான்காவது வாரம் சோறு விழுங்கினாலே வலி. மருத்துவர் குழாய்விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் புண் இருந்தது. மாத்திரை அங்கேயே ஒட்டிக்கொண்டு அரித்திருக்கிறது. நல்லவேளையாக ஆறிவிட்டது. அன்றிலிருந்து அட்டையை நான்காக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பேனாவால் கிழமையையும் 'தண்ணி, உக்காரு' என்ற இரண்டு சொற்களையும் எழுதித்தான் கொடுக்கிறேன். விழுங்கும்போது வலியோ, புதிதாக நெஞ்செரிச்சலோ தோன்றினால் அடுத்த மாத்திரையை உண்ணாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உணவுக்குழாய் சுருக்கம் உள்ளவர்களும், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களும் இந்த மாத்திரையை உண்ணவே கூடாது.

இன்னொரு குழப்பம், 60,000 யூனிட் வைட்டமின் டி. அதுவும் வாரம் ஒன்று, இதுவும் வாரம் ஒன்று. அதைப் பாலில் உண்ணச் சொல்லியிருப்பார்கள்; இரண்டையும் ஒரே டம்ளர் பாலில் முடித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை உண்பவர்களுக்கும் காலையில் சிக்கல் வரும். எலும்பு மாத்திரை நாளன்று அதை முதலில் உண்டு, அரை மணி கழித்துத் தைராய்டு மாத்திரை, இன்னும் அரை மணி கழித்துக் காபி என்று வைத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு இருக்கட்டும். உணவிலேயே கால்சியம் சேர்வது இன்னும் நல்லது: 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நாள்தோறும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடுகளில், ஊற்றுகிற அம்மாவுக்கு ஒரு டம்ளர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்புத்தான் பதிலாக வருகிறது.

மாத்திரை நாளை மறந்துவிட்டால், நினைவு வந்த மறுநாள் காலை ஒன்று உண்டுவிட்டு, பிறகு வழக்கமான கிழமைக்கே திரும்பிவிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு உண்ணக் கூடாது. மறக்காமல் இருக்க உங்கள் ஊர்ச் சந்தை நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொள்ளலாம்.

தாடை எலும்பு அழுகிவிடும், தொடை எலும்பு தானாக முறிந்துவிடும் என்று செல்பேசியில் வரும் செய்திகளைக் காட்டிச் சிலர் பயப்படுகிறார்கள். இரண்டும் உண்மையிலேயே நடப்பவைதான், ஆனால் மிக அரிதாக. தாடைப் பிரச்சினை, எலும்புப்புரைக்குத் தரும் அளவில், ஓர் ஆண்டில் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன் பிடுங்கிவிடுவதும், பின்னால் பல் மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரை உண்பதைச் சொல்வதும் போதும். தொடை எலும்பு முறிவு பெரும்பாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து உண்டவர்களுக்கே வருவது. முறியும் முன் தொடையிலோ கவட்டையிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருக்கக்கூடும். அந்த வலியை மட்டும் தைலத்துக்கு விட்டுவிடாதீர்கள். இந்த அரிய ஆபத்துக்காகவே, ஏறக்குறைய 5 ஆண்டுகள் உண்ட பிறகு மருத்துவர் மறுபடி பரிசோதித்து, முறிவு அபாயம் குறைந்திருந்தால் சில காலம் மாத்திரையை நிறுத்தி வைக்கிறார். எலும்பில் படிந்த மருந்து அந்த இடைவெளியிலும் ஓரளவு காத்துக்கொண்டிருக்கும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இரத்தக் குழாயில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. முதல் முறை ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். மிகக் கடுமையான எலும்புப்புரைக்கு, கட்டும் செல்லைத் தூண்டும் டெரிபாரடைட் என்னும் அன்றாட ஊசியும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சற்றுமுன் சொன்ன இடைவெளி அதற்குப் பொருந்தாது. அது எலும்பில் படிந்து கிடப்பதில்லை. நாள் தள்ளிப்போனால் அடக்கி வைத்த அரிப்பு ஒரேயடியாகக் கிளம்பி, சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஊசி போட்டுக்கொள்ளும் ஓர் அம்மாவுக்கு நான் சொன்ன கணக்கு இது: தைப் பொங்கலுக்கு ஒன்று, ஆடி ஒண்ணு நோம்பிக்கு ஒன்று. நோம்பிக்குத் தேங்காய் சுடுகிற அன்றைக்கு ஊசியும் என்று அவர் சிரித்துக்கொண்டார். இதுவரை ஒரு முறையும் தவறவில்லை.

உணவுக்குழாய் புண்ணாகிப்போன அந்த அம்மா, மருத்துவர் சொன்னபடி ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் மருந்துக்கு மாறிக்கொண்டார். அவருடைய மருமகளுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. சென்ற மாதம் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்ட கையோடு, அலென்ட்ரோனேட் சீட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அட்டையை நான்காக நறுக்கிக் கொடுத்தேன். துண்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை சொல்லித்தானுங்க அனுப்புச்சாங்க, பால்ல போட்றாதேன்னு" என்றார்.

வணக்கம்.