3,000 ரூபாயில் கிறிஸ்துமஸ்: குடில், கல்கல், ஒரே ஒரு புதுச்சட்டை

(காட்சி: சாப்பாட்டு மேசை மேல் ஒரு 40 பக்க நோட்டு. பக்கத்தின் தலைப்பில் "கிறிஸ்துமஸ்" என்று எழுதி அடிக்கோடு. அதன் கீழே ஒரே ஒரு எண்: 3,000.)

வணக்கம். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முழுவதும் இந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மூத்தவனுக்கு 10 வயது, சின்னவளுக்கு 6. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இப்போது இருப்பது சென்னையில் வாடகை வீடு.

மூன்று வருடத்துக்கு முன்னால், நவம்பர் மாதம், என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. அந்த டிசம்பரில் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தேன். கேக் சின்னது. துணி சுமார். ஸ்டார் போன வருடத்துக் கிழிசல். பலகாரத்தில் ஐந்து வகையும் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. செலவு குறைந்ததா என்றால், பெரிதாகக் குறையவில்லை. வீடு மட்டும் களை கட்டவே இல்லை.

அடுத்த வருடம் மாற்றிப் போட்டேன். சிலதை அடியோடு நிறுத்தினேன். மிச்சத்தைக் கை சுருக்காமல் செய்தேன். எதை நிறுத்துவது? பிள்ளைகள் கைபடாத செலவு முதலில் போகும், அவ்வளவுதான். கடைக் கேக், பிளாஸ்டிக் மரம், புது சீரியல் லைட், பெரியவர்களுக்குத் துணி எல்லாம் போனது. குடில், ஸ்டார், ஒரே ஒரு பலகாரம், பிள்ளைகளுக்குத் துணி, 25ஆம் தேதி மதியம் கோழிக்குழம்பு, இவை நின்றன.

(திரையில்: துணி 1,400. பலகாரம் 600. மதியச் சாப்பாடு 500. குடிலும் ஸ்டாரும் 250. பரிசு 150. கேரலும் காணிக்கையும் 100.)

இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கலாம், எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

குடிலில் இருந்து தொடங்குவோம். கடையில் ரெடிமேட் குடில் செட் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்காக ஒரு பழைய கதை. அசிசி நகர் புனித பிரான்சிஸ், 1223ஆம் வருடம், இத்தாலியில் கிரேச்சோ என்ற மலை ஊரில் ஒரு குடில் வைத்தார். அதில் இருந்தது வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. ஊர் ஜனங்கள் கையில் விளக்கோடு வந்து சுற்றி நின்றார்கள். இன்று நாம் வைக்கும் குடிலெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். அதனால் உங்கள் வீட்டுக் குடிலில் ஆள் குறைவாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம்.

(காட்சி: பிள்ளைகள் பிரவுன் பேப்பரைக் கசக்குகிறார்கள்.)

மலைக்கு, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர் நான்கு தாள் போதும். நன்றாகக் கசக்கி, விரித்து, சோற்றுக் கஞ்சியில் அடுப்புக்கரிப் பொடியைக் குழைத்து ஆங்காங்கே தடவிக் காயவிடுங்கள். பாறை மாதிரியே விறைத்து நிற்கும். குளத்துக்கு உடைந்த கண்ணாடித் துண்டு, ஓரத்தில் டேப் ஒட்டிப் பெரியவர்கள் மட்டும் வைக்க வேண்டும். பாதைக்கு மணல். கூரைக்குத் தென்னந்துடைப்பத்தின் பழைய குச்சி.

புல்லுக்குக் கேழ்வரகு. ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, பழைய தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மண் பரப்பித் தூவுங்கள். டிசம்பர் 14, 15 வாக்கில் விதைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். அதற்கு முன்னால் விதைத்தால் வளர்ந்து சாய்ந்துவிடும், எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஆடே தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த பிள்ளை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து முளை விட்டதா என்று பார்க்கும். பார்க்கட்டும்.

சுரூபங்களில் முதல் வருடம் மூன்றே மூன்று வாங்கினோம்: மரியாள், சூசையப்பர், பாலன் இயேசு. வருடத்துக்கு ஒன்று சேர்க்கிறோம். இப்போது ஒரு இடையனும் ஒரு ஆடும் வந்தாயிற்று. மாட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமிதான் வழி சொன்னார்கள். நவராத்திரி முடிந்ததும் கொலு பொம்மைக் கடைகளில் மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளுவார்கள். அங்கே பசு கிடைக்கும். எங்கள் குடிலில் நிற்பது கழுத்தில் சலங்கை கட்டிய கொலுப் பசு. பெத்லகேமில் அப்படி இருந்ததா என்று மூத்தவன் கேட்டான். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

இதில் காசே ஆகாத ஒரு பழக்கமும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறு வரும். முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் விழும். அன்றே தீவனத் தொட்டியை மட்டும் காலியாக வைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் துண்டு போடலாம். 24ஆம் தேதி ராத்திரி பாலன் படுக்க மெத்தை தயாராக வேண்டும். சின்னவள் ஒருநாள் காலையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டு, "எல்லாம் நேற்று செய்தது" என்றாள். விட்டுவிட்டோம்.

ஸ்டாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைத் தெருக்களில் மொத்த விலைக் கடைகளைப் பாருங்கள். பேப்பர் ஸ்டார் போதும். மார்கழிப் பனியிலும் மழையிலும் அது நமுத்துப் போகும், மேலே ஒரு கண்ணாடிக் கவரை மாட்டிவிடுங்கள். உள்ளே பழைய குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் பேப்பர் கருகும். கரண்டுக் கணக்கும் பாருங்கள்: 60 வாட் குண்டு பல்பு தினமும் 6 மணி நேரம், 30 நாள் எரிந்தால் 10.8 யூனிட். அதே நேரம் 9 வாட் எல்இடி எரிந்தால் 1.62 யூனிட்.

(காட்சி: மைதா மாவு, முட்டை, துருவிய தேங்காய், ஒரு புதுச் சீப்பு.)

அப்புறம் பலகாரம். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து இல்லாமல் முடியாது. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும். மூன்று உருண்டை ஒட்டி, திராட்சைக் கொத்து மாதிரி வரும். முந்திரிகை என்றால் பழைய தமிழில் திராட்சைக்கொடி. ஆனாலும் இந்தக் கணக்கில் நான் அதை வைக்கவில்லை. வெல்லப் பாகின் பதம் பிள்ளைகளுக்கான வேலை இல்லை. அச்சு முறுக்கும் அப்படித்தான், காய்ந்த அச்சும் கொதிக்கிற எண்ணெயும்.

அதனால் கல்கல், சிப்பி மாதிரி சுருட்டி எண்ணெயில் பொரிக்கும் இனிப்பு. அரைக் கிலோ மைதா, ஒரு முட்டை, 100 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சூடாக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பிசைவதற்குத் தண்ணீருக்குப் பதில் முதல் தேங்காய்ப்பால், கொஞ்சம் கொஞ்சமாக. பூரி மாவைவிடச் சற்று இளக்கம். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். இனிப்பு போதாதே என்று மாவில் சர்க்கரையைக் கூட்டாதீர்கள், எண்ணெயில் பிரிந்துவிடும். வேண்டுமானால் பொரித்த பிறகு பாகில் புரட்டலாம்.

சின்ன நெல்லிக்காய் அளவு உருண்டையைப் புதுச் சீப்பின் மேல் வைத்து அழுத்தி, ஒரு ஓரத்திலிருந்து சுருட்டினால் வரி வரியாகச் சிப்பி வடிவம் வரும். இந்த வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது. அடுப்புப் பக்கம் பெரியவர்கள், மிதமான தீ. உருட்டும்போது சிலது தடியாக, சிலது மெல்லிசாக வரும். தடித்ததைத் தனியாகப் பொரியுங்கள், இல்லையென்றால் வெளியே சிவந்து உள்ளே வேகாது. நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு போகாது. அதனால் 24ஆம் தேதி இடுப்பொடியாமல், அதற்கு முந்தைய ஞாயிறே முடித்துவிடலாம்.

ஒரே பலகாரம்தான் என்றாலும் அளவு தாராளம், இரண்டு கிலோ மாவு. காரணம் அக்கம்பக்கம். தீபாவளிக்கு அதிரசம் வந்த வீடு, ரம்ஜானுக்குப் பிரியாணி வந்த வீடு, எதையும் விட முடியாது. வகையைக் குறைக்கலாம், வீட்டைக் குறைக்கக் கூடாது. தட்டில் கல்கலோடு இரண்டு வாழைப்பழம் வைத்தால் நிறைவாக இருக்கும். கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகள் பொறுப்பு.

துணி. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டு ராத்திரி கோயிலுக்கு ஒன்று என்று இரண்டு எடுப்பது வழக்கம். நாங்கள் ஒன்றாக்கிவிட்டோம். ஆடித் தள்ளுபடியில் ஒரு சைஸ் பெரிதாக எடுத்து வைத்தால் டிசம்பரில் சரியாக இருக்கும். ஆடியைத் தவறவிட்டால், சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கிறது.

பரிசுக்குச் சீட்டுக் குலுக்கல். சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் சேர்த்து ஆறு பேர். ஆளாளுக்கு வாங்கினால் 30 பரிசு. சீட்டு எடுத்தால் ஆறே ஆறு. 75 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம். கிறிஸ்துமஸுக்கென்று பட்டாசு வாங்குவதே இல்லை. தீபாவளிக்கு வாங்கியதில் ஒரு டப்பா கம்பி மத்தாப்பு, இரண்டு புஸ்வாணம் பரணில் ஏறிவிடும்.

சரி, பிள்ளைகளிடம் என்ன சொல்வது? அந்த வேலை போன வருடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் வழக்கம் போல என்று நடித்தேன். மூத்தவனுக்குத் தெரிந்துவிட்டது, கேட்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது இந்த நோட்டை அவன் முன்னால் விரித்தே எழுதுகிறேன். கூட்டிப் பார்ப்பது அவன்தான். போன வருடம் மதியச் சாப்பாட்டில் 100 ரூபாயைக் குறைத்து ஸ்டாரில் போடலாமா என்று கேட்டான். போட்டோம், கோழி கொஞ்சம் சின்னதாக வந்தது.

கூச்சமாக இருந்தால் லூக்கா நற்செய்தியில் ஓர் இடம் உதவும். மரியாளும் சூசையப்பரும் குழந்தையை எருசலேம் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, காணிக்கையாகப் புறா இரண்டு கொடுக்கும் சட்டத்தைத்தான் அங்கே சொல்லியிருக்கிறது. பழைய சட்டப்படி கொடுக்க வேண்டியது ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும். ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்களுக்குத்தான் இரண்டு புறா. இதைச் சொன்னதும் சின்னவள் கேட்ட கேள்வி, புறா என்ன விலை என்பது.

(காட்சி: இரவு. ஸ்டார் வெளிச்சம். தெருவில் கேரல் சத்தம் நெருங்குகிறது.)

கேரல் குழு உங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். நடு ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் மிட்டாய் வாங்குவதற்குக் காசு கிடையாது, உண்டியலில் போடும் 50 ரூபாய்தான். மூத்த பிள்ளையை இரண்டு தெரு கூடவே நடக்க விடலாம்.

24ஆம் தேதி பூசை முடிந்து வந்ததும், வீட்டில் சின்னது யாரோ அவர்கள் கையால் பாலனை வைக்கோலில் வைக்கட்டும். குடிலை மறுநாளே பிரிக்க வேண்டாம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கலாம். பிறகு சுரூபங்களைப் பழைய துணியில் சுற்றி, ஸ்டாரை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டிக்குள் இந்த நோட்டையும் வைத்துவிடுவேன்.

(காட்சி: நோட்டின் கடைசி வரி, பென்சிலில்: "ஆடிக்கு: பெரியவன் 30, சின்னவள் 24. ராஜா ஒன்று வாங்க வேண்டும்.")