34 பேர் எதிர்வரிசையில், 20 பேர் நிர்வாகத்தில்: ஃபைஃப் கவுன்சிலில் நடந்தது என்ன?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இன்று விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன். இரண்டு வரியில் சொன்னால் தவறான எண்ணம்தான் மிஞ்சும்.

ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில் வசிக்கும் நேயர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஃபைஃப் கவுன்சிலுக்கு 2022இல் நடந்த தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 34 இடங்களைப் பிடித்தது. தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்தது 20தான். ஆனாலும் நிர்வாகம் தொழிலாளர் கட்சியின் கைக்குப் போனது. இது மக்கள் தீர்ப்பைத் திருடுவது ஆகாதா? இப்படித்தான் நடக்கும் என்றால் நான் எதற்காக வாக்களிக்க வேண்டும்?"

அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் எந்த இடத்தில் பொருந்துகிறது, எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று பார்ப்போம். முதலில் எண்கள். அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றமான ஃபைஃப் கவுன்சிலில் மொத்தம் 75 இடங்கள், 22 வார்டுகள். 2022 மே 5 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 34, தொழிலாளர் கட்சிக்கு 20, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 13, கன்சர்வேடிவ் கட்சிக்கு 8.

இதை 2017 முடிவோடு ஒப்பிட்டால் நேயரின் வருத்தம் இன்னும் கூடும். அப்போது தேசியக் கட்சிக்கு 29, தொழிலாளர் கட்சிக்கு 24, கன்சர்வேடிவ்களுக்கு 15, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 7 இடங்கள் இருந்தன. தேசியக் கட்சி ஐந்து இடங்கள் கூடுதலாகப் பெற்றது. தொழிலாளர் கட்சி நான்கு இடங்களை இழந்தது. 2017 முதல் 2022 வரை இவ்விரு கட்சிகளும் சேர்ந்து, ஆளுக்கொரு இணைத்தலைவரை வைத்து நிர்வாகம் நடத்தின. கடைசியில், வளர்ந்த கட்சி வெளியே போனது. தேய்ந்த கட்சி தனியாக நிர்வாகத்துக்கு வந்தது. கேட்பதற்கு விபரீதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெரும்பான்மைக்கு வேண்டியது 38. ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்று கேட்கும் தேசியக் கட்சியிடம் நான்கு பேர் குறைவு. அந்த நால்வர் எங்கிருந்து வரமுடியும்? எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் தேசியக் கட்சியோடு கொள்கையில் ஒத்துப்போகும் பசுமைக் கட்சியினர் கணிசமாக வென்றார்கள். ஃபைஃபில் அவர்களில் ஒருவர்கூட வெல்லவில்லை. மற்ற மூன்று கட்சிகளின் 41 கவுன்சிலர்களும் ஸ்காட்லாந்து தனிநாடாவதை எதிர்க்கும் கட்சிகளைச் சேர்ந்தவர்கள். 2014 பொது வாக்கெடுப்பில் ஃபைஃபில் வாக்களித்தவர்களில் 55 சதவீதம் பேர் சுதந்திரம் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிளவு பள்ளிக்கூடம், சாலை, குப்பைத் தொட்டி ஆகியவற்றுக்கான உள்ளூர்த் தேர்தல் வரைக்கும் வந்து நிற்கிறது. சுதந்திரத்துக்கும் குப்பை அள்ளுவதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அங்கே அரசியல் இன்று அந்தக் கோட்டை ஒட்டித்தான் பிரிந்து கிடக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸ்காட்லாந்துத் தொழிலாளர் கட்சித் தலைவர் அனஸ் சர்வார், தேசியக் கட்சியுடனோ கன்சர்வேடிவ்களுடனோ கவுன்சில்களில் முறைப்படியான கூட்டணி கிடையாது என்று முடிவெடுத்திருந்தார். எனவே ஃபைஃபில் பழைய கூட்டு நிர்வாகம் தொடர வழியில்லாமல் போனது. லிபரல் ஜனநாயகக் கட்சியும் கன்சர்வேடிவ்களும் பொறுப்பில் சேராமலே ஆதரவு தர, இருபது பேரை வைத்துத் தொழிலாளர் கட்சி சிறுபான்மை நிர்வாகம் அமைத்தது. டேவிட் ராஸ் கவுன்சில் தலைவரானார்.

இது சட்டப்படி சரிதானா? சரிதான். ஸ்காட்லாந்தில் கவுன்சில் தேர்தல் என்பது கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அதிக இடம் பெற்ற கட்சியை நிர்வாகம் அமைக்க அழைக்கும் அதிகாரி எவரும் அங்கே கிடையாது. முதலிடம் பெற்றவருக்கு முதல் வாய்ப்பு என்ற விதியும் கிடையாது. தேர்தல் முடிந்து கூடும் கூட்டத்தில் கவுன்சிலர்கள் வாக்களிக்கிறார்கள். அந்த வாக்கில் யார் வெல்கிறாரோ அவர் தலைவர். சபையை நடத்தும் புரோவோஸ்ட்டையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபைஃபில் 2012இல் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜிம் லீஷ்மன், டன்ஃபர்ம்லின் அத்லெடிக் கால்பந்து அணியின் முன்னாள் மேலாளர். நேயர் இருக்கும் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: கவுன்சிலைக் கலைக்க முடியாது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உடைந்தால் மறுதேர்தல் என்ற அச்சமாவது எல்லாருக்கும் இருக்கும். கவுன்சிலுக்கு வாக்காளர்கள் என்ன எண்ணிக்கையைக் கொடுத்தார்களோ, அடுத்த தேர்தல் வரை, நடுவில் வரும் இடைத்தேர்தல்களைத் தவிர, அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 11க்குள் கவுன்சில் வரியை நிர்ணயித்தாக வேண்டும் என்பது சட்டம். இருபது பேரை மட்டும் வைத்துக்கொண்டு அதை எப்படி நிறைவேற்றுவது? ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்துக்கும் மற்றக் கட்சிகளிடம் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். எடின்பரோவைப் பாருங்கள். அங்கே 63 இடங்களில் 19 பெற்ற தேசியக் கட்சி வெளியே இருக்க, 13 பெற்ற தொழிலாளர் கட்சி நிர்வாகத்துக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் அந்த நிர்வாகம் முன்வைத்த திட்டம் தோற்றது. லிபரல் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த திட்டம் நிறைவேறியது. நாற்காலியில் இருந்தவர்கள் எதிர்வரிசையினரின் திட்டத்தைச் செயல்படுத்த வேண்டி வந்தது. ஆகவே நிர்வாகத்தில் இருப்பதையும் அதிகாரத்தை முழுமையாக வைத்திருப்பதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

நேயர் தேசியக் கட்சியின் ஆதரவாளரா என்று எனக்குத் தெரியாது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் 2007ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஃபைஃபில் 78 இடங்கள். தொழிலாளர் கட்சி 24 பெற்று முதலிடம் பிடித்தது. தேசியக் கட்சிக்கு 23, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 21. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து நிர்வாகம் அமைத்தன. முதலாவது வெளியே உட்கார்ந்தது. மேற்கு ஃபைஃபின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள் 1935இலிருந்து 1950 வரை வில்லி கேலக்கர் என்ற கம்யூனிஸ்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவை. பிறகு பல பத்தாண்டுகள் தொழிலாளர் கட்சியின் கோட்டையாக இருந்தவை. தொழிலாளர் கட்சியின் முன்னாள் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் வளர்ந்த கர்க்கால்டியும் இதே ஃபைஃபில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் தொழிலாளர் கட்சி முதலிடம் பெற்றும் வெளியேற்றப்பட்டது. 2007இல் அது சரி என்றால் 2022இலும் சரி. ஒன்றைத் திருட்டு என்று சொன்னால் மற்றதையும் அப்படியே சொல்ல வேண்டும்.

இப்போது வாக்குமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் "எதற்காக வாக்களிக்க வேண்டும்" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 2007 முதல் ஸ்காட்லாந்துக் கவுன்சில்களுக்கு ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்தல் நடக்கிறது. இந்தியாவில் மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் அதே முறை. ஃபைஃபில் ஒரு வார்டுக்கு மூன்று அல்லது நான்கு கவுன்சிலர்கள். வாக்காளர் பெருக்கல் குறி போடுவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுகிறார்.

நான்கு இடங்கள் உள்ள ஒரு வார்டில் செல்லத்தக்க வாக்குகள் 10,000 என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டினால் ஐந்து. 10,000ஐ ஐந்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 2,001. அதுதான் வெற்றிக்கான கோட்டா. ஒருவர் 3,000 வாக்கு வாங்கினால் அவருக்கு 999 வாக்குகள் உபரி. அவருடைய 3,000 சீட்டுகளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதிப்போடு அடுத்த விருப்பத்தினருக்குப் போகும். யாரும் கோட்டாவை எட்டாத சுற்றில் கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள் அப்போது அவற்றுக்கு இருக்கும் மதிப்போடு அடுத்தவருக்குப் போகும். பின்னங்களைக் கையால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் சீட்டுகளை ஸ்கேன் செய்து கணினியில் எண்ணுகிறார்கள்.

இந்த முறை வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2003இல் கிளாஸ்கோவில் தொழிலாளர் கட்சி பாதிக்கும் குறைவான வாக்குகளைப் பெற்று, 79 இடங்களில் 71ஐ அள்ளிக்கொண்டது. அன்று தெளிவான நிர்வாகம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வாக்குக்கு எட்டே கவுன்சிலர்கள்! நேயர் திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்துவதானால், நான் அதை அந்த முடிவுக்குத்தான் கொடுப்பேன். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற அந்த முறை நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் இருக்கிறது. 2017இல் வடகிழக்கு ஃபைஃப் நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் இரண்டே வாக்குகள். இரண்டாமிடம் வந்தவருக்கு வாக்களித்த ஆயிரக்கணக்கானவர்களின் சீட்டுகள் அத்தோடு முடிந்தன.

கவுன்சில் தேர்தலில் அப்படி முடிய வேண்டியதில்லை. ஆனால் 1 மட்டும் எழுதிவிட்டு வந்தால் அதுவும் முடிந்துவிடும். உங்கள் வேட்பாளர் நீக்கப்பட்டால் அந்தச் சீட்டுக்குப் போக இடமில்லை; எண்ணிக்கையிலிருந்து விலகிவிடும். நான்காவது இடம் பல வார்டுகளில் பின்விருப்பங்களால்தான் தீர்மானமாகிறது. இன்னொரு குறையும் உண்டு. வேட்பாளர் பெயர்கள் அகர வரிசையில் அச்சிடப்படுகின்றன. ஒரே கட்சி இருவரை நிறுத்தினால், பட்டியலில் மேலே இருப்பவருக்கே முதல் விருப்பம் அதிகம் விழுகிறது. திறமையான ஒருவர் குடும்பப் பெயர் டபிள்யூவில் தொடங்குவதால் தோற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

நேயரின் கோபம் எங்கே பொருந்துகிறது என்று சொல்கிறேன். மூன்று கட்சிகள் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. வாக்கு கேட்கும்போது, "பெரும்பான்மை கிடைக்காவிட்டால் நாங்கள் இன்னாரை ஆதரிப்போம்" என்று வெளிப்படையாகச் சொல்லாமல் இருப்பதுதான் குறை. ஃபைஃபில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது என்பது அங்கே எல்லாக் கட்சிக்கும் தெரியும். 2012இல் 78க்கு 35 பெற்ற தொழிலாளர் கட்சிக்குக்கூட அது எட்டவில்லை. யாரோடு சேர மாட்டோம் என்று சொல்லும் கட்சிகள், யாருடைய வாக்கை ஏற்றுக்கொள்வோம் என்றும் சொல்ல வேண்டும். வாக்காளர் அதைத் தெரிந்துகொண்டு தன் வரிசையை எழுதட்டும்.

அடுத்த தேர்தல் 2027 மே மாதம். ஸ்காட்லாந்தில் சட்டப்படி வசிக்கும் எந்த நாட்டவரும், 16 வயது நிறைந்திருந்தால், கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இதில் அடக்கம். ஃபைஃபில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது. பதிவு செய்ய வேண்டும். வேட்பாளர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் கட்சிக்கு 38 கிடைக்காவிட்டால் தலைவர் தேர்தலில் யாருக்குக் கை தூக்குவீர்கள்? மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் யாரோடு பேசுவீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு 1 போடுங்கள். பிறகு 2, 3, 4 என்று உங்களுக்கு ஏற்பு உள்ளவர்கள் வரைக்கும் எழுதுங்கள்.