பெயர் வைக்காத காதல்: குறுந்தொகையிலிருந்து நான்கு பாட்டு

[திரையில்: ரோமியோ – ஜூலியட், லைலா – மஜ்னு, அம்பிகாபதி – அமராவதி. ஒவ்வொன்றாக வந்து மறைகிறது.]

இலக்கியத்தில் பெரிய காதல் கதை எது என்று யாரைக் கேட்டாலும் ஒரு ஜோடிப் பெயர்தான் பதிலாக வரும். இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் காதலர்களுக்குப் பெயரே கிடையாது. பெயர் காலப்போக்கில் தொலைந்துபோனது என்று நினைக்காதீர்கள். வைக்கக் கூடாது என்றே விதி.

[திரையில்: சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்]

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் வரும் வரி இது. அகப்பாட்டில், அதாவது காதலைப் பாடும் பாட்டில், இன்னார் என்று ஆளைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. அவன் தலைவன், அவள் தலைவி, கூட ஒரு தோழி. அவ்வளவுதான்.

இந்த விதியில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டைப் பாருங்கள். நக்கீரர் பாடியது, 188 அடி. குளிர்காலத்து இரவில் பிரிவால் வாடும் அரசி ஒரு பக்கம், பாசறையில் தூங்காமல் நடக்கும் அரசன் ஒரு பக்கம். யார் பெயரும் இல்லை. ஆனால் ஓரிடத்தில், வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது என்று வந்துவிட்டது. வேம்பு பாண்டியர் பூ. ஆள் யார் என்று காட்டிக்கொடுத்தாயிற்று. அந்த ஒரு வேம்பை வைத்தே இது அகம் இல்லை, போரையும் அரசரையும் பாடும் புறம் என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் முடித்துவிட்டார்.

சரி, பெயரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சங்க காலக் காதல் பாட்டுகளின் தொகுப்பான குறுந்தொகையைத் திறப்போம். கடவுள் வாழ்த்து போக 401 பாட்டு. பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். அதில் 40ஆம் பாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

[திரையில்: யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே]

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வழியில் சொந்தம்? நானும் நீயும் எப்படி அறிமுகமானோம்? ஆனாலும் செம்மண்ணில் விழுந்த மழைபோல நெஞ்சங்கள் கலந்துவிட்டன. பாடியவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று வைத்துவிட்டார்கள்.

பத்திரிகையில் போடுகிறவர்கள் விட்டுவிடுவது பாட்டோடு வரும் குறிப்பை. முதல் சந்திப்புக்குப் பிறகு, 'இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ' என்று அவள் பயப்படுகிறாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவன் சொல்வதுதான் இந்த ஐந்து அடியும். அதாவது இது ஒரு சமாதானப் பேச்சு.

[திரையில்: ஒரு கண்ணாடித் தம்ளர். செம்மண் கலந்த தண்ணீர்.]

அவள் பயத்தில் நியாயம் இருக்கிறதா? மழை நாளில் செம்மண் ஓடையில் ஒரு தம்ளர் பிடித்துப் பாருங்கள். ஓடும்போது எது மண், எது நீர் என்று பிரிக்க முடியாது. அதையே ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால், காலையில் மண் அடியில் தங்கியிருக்கும், மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். புலவர் இதை நினைத்துப் பாடினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 25ஆம் பாட்டைப் படித்த பிறகு எனக்கு அந்தத் தம்ளர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அது கபிலர் பாட்டு. கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: "யாரும் இல்லை, தானே கள்வன்." அவன் என்னோடு சேர்ந்த நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? இல்லை, ஒரு சாட்சி இருந்தது.

[திரையில்: ஓடும் நீர். ஒரு குருகு அசையாமல் நிற்கிறது.]

ஒரு குருகு, மீன் பிடிக்கும் நீர்ப்பறவை. தினைத்தாள் போன்ற சின்னஞ்சிறு பசுங்கால். அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சிக்கும் கண் மீன்மேல்! பஞ்சாயத்தில் போய் நிற்கவும் வழியில்லை.

40ஐப் பாடியவர் வேறு, 25ஐப் பாடியவர் வேறு. ஆனால் இரண்டிலும் பெயர் இல்லாததால், அங்கே சமாதானம் சொன்னவன்தான் இங்கே கள்வன் என்று நாம் சேர்த்துப் படிக்கத் தடையே இல்லை. ரோமியோவை எடுத்து லைலாவின் கதையில் வைக்க முடியுமா?

இதே ஜோடிக்கு இன்னொரு பாட்டையும் சேர்க்கலாம், 54. "யானே ஈண்டையேனே." நான் இங்கேதான் இருக்கிறேன், என் அழகு அவனோடு அங்கேயே நின்றுவிட்டது என்கிறாள். அவன் நாடு எப்படிப்பட்டது? யானை ஒன்று பச்சை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்ட யானை பிடியை விட, மீன் மாட்டியதும் தூண்டிலைச் சுண்டி இழுப்பதுபோல மூங்கில் விர்ரென்று மேலே போகிறது. வளைத்து அருகில் வைத்திருந்ததைச் சட்டென்று கைவிட்டவன் யார் என்று அவள் தனியாகச் சொல்லவில்லை. இந்தப் புலவருக்கும் மீனெறி தூண்டிலார் என்றே பெயர் நின்றுவிட்டது.

[திரையில்: அடுக்களை. புகை.]

எல்லாம் சோகமாகப் போகிறதே என்றால், 167. கூடலூர் கிழார் பாடியது. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம். வளர்த்த தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்கிறாள்: கட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள், அதைத் துவைக்காமல் அப்படியே கட்டியிருந்தாள். தாளிக்கும் புகை கண்ணில் அடித்தது. அவளே துழாவி வைத்த புளிக்குழம்பு. அவன் சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "இனிது."

அவள் பதிலுக்கு என்ன சொன்னாள் என்று பாட்டில் இல்லை. முகம் மட்டும்தான் இருக்கிறது: அந்த ஒளிவீசும் நெற்றிக்காரியின் முகம் நுட்பமாக மகிழ்ந்தது.

[திரையில்: நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே]