தண்ணீர் குறைந்த இடத்தில் என்ன செடி வைப்பது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டி ஐந்து சென்ட் இடம், கரிசல் மண், போர் தண்ணீர் கோடையில் உப்பாகிவிடுகிறது. "அதிகம் தண்ணீர் கேட்காத, வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் குருவியும் வருகிற நம்மூர்ச் செடிகள் எவை? நர்சரியில் கோனோகார்பஸும் உண்ணிச்செடியும் தருகிறார்கள், வைக்கலாமா? செடி மண்டினால் பாம்பு வந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார், அதற்கும் பதில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நர்சரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் வளரும், பச்சையாகவே நிற்கும், உண்மைதான். ஆனால் 2023-இல் குஜராத் அரசும், 2025-இல் தமிழக அரசும் அதை நடக்கூடாது என்று தடை போட்டுவிட்டன. இன்னும் யாராவது விற்றால் வாங்காதீர்கள். உண்ணிச்செடி சற்று ஏமாற்றுகிற செடி. அதன் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி நிறையவே வரும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது டீக்கடை மாதிரி. வரும், குடிக்கும், போய்விடும், அங்கே குடும்பம் நடத்த முடியாது. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவதால் வேலி தாண்டி ஊரெல்லாம் முளைக்கும். அழகுக்காகக் கொண்டுவந்த இந்தச் செடிதான் இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, எதை வைப்பது? எல்லாரும் "எந்தப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வரும்?" என்று கேட்கிறார்கள். நான் "எந்த இலையைப் புழு தின்னும்?" என்று கேட்கச் சொல்கிறேன். வண்ணத்துப்பூச்சி பூவில் தேன் குடிப்பது கொஞ்ச நேரந்தான். அதன் இளமைக்காலம் முழுவதும் ஓர் இலையின் மேல் கழிகிறது. அந்தப் புழுவும் கிடைத்த இலையையெல்லாம் தின்னாது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய சில செடிகளைத்தான் தின்னும். நம்மூர்ச் செடி வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஊர்ப்பற்று காரணமில்லை. வெளியூர்ச் செடியின் இலையை இங்குள்ள புழுக்களில் பெரும்பாலானவை தொடாது. புழு இல்லையென்றால் குருவியும் இல்லை. சிட்டுக்குருவி தானியம் தின்னும், தேன்சிட்டு தேன் குடிக்கும். ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும்போது இரண்டும் புழுவையும் பூச்சியையும் தேடித்தான் அலையும்.

எருக்கஞ்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்காதீர்கள்! வெந்தய வரியன் என்று ஆரஞ்சு நிறத்தில், சிறகோரம் கறுப்பாக ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டையிலிருந்து வந்த சின்னப் புழு உடனே தின்னத் தொடங்காது. எருக்கம்பால் பீறிட்டால் அது ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். அதனால் முதலில் இலையில் வளைவாக ஒரு பள்ளம் கடித்துவிடும். பால் அந்த வெட்டில் வடிந்து நின்றுவிடும். அதற்கப்புறம் உள்ளே இருக்கிற பகுதியை நிதானமாகத் தின்னும். வளர்ந்த புழு கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு, முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகளோடு இருக்கும். எருக்கின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கெடுதல், எனவே குழந்தைகள் ஓடியாடும் பக்கம் வேண்டாம். வேலி மூலையில் ஒன்று போதும். வெள்ளெருக்கு என்றால் மாமியாரும் மறுப்புச் சொல்லமாட்டார், பிள்ளையாருக்கு மாலை ஆகிவிடும்.

அடுத்து ஆவாரை. என்னைக் கேட்டால் ஐந்து சென்ட்டில் நாலைந்து ஆவாரை கட்டாயம் இருக்கவேண்டும். அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுந்தான். அதுவும் பைக்குள் பூட்டி வைத்தது போல நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். காலையில் பக்கத்தில் போய் நின்று கவனியுங்கள். கறுப்பாக, கட்டைவிரல் நுனி அளவில் தச்சுத்தேனீ வரும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிடும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று கூர்மையாக மாறும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. இந்தத் தச்சுத்தேனீ பட்டுப்போன மரக்கிளையிலும் மூங்கிலிலும் துளைபோட்டுக் குடியிருக்கும். ஆகவே காய்ந்த கட்டை ஒன்றிரண்டை அடுப்புக்கு எடுக்காமல் ஓர் ஓரத்தில் விட்டுவையுங்கள். ஆவாரை இலையைத் தின்கிற புழு வெளிர் நிற வண்ணத்துப்பூச்சியாகும், அது தனி வரவு.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஆடுதின்னாப்பாளை கரிசலுக்கே உரியது, நிலத்தில் களையென்று பிடுங்கிப் போடுவது. சிவப்பு உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட ரோஜா வண்ணத்துப்பூச்சிகள் அதில் முட்டையிடும். அது தரையோடு படர்கிற செடி, இடம் பிடிக்காது. கறிவேப்பிலை எப்படியும் வைத்திருப்பீர்கள். அதில் பறவை எச்சம் போல ஒரு புழு இருந்தால் நசுக்கிவிடாதீர்கள், அது அழகி வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. தேனீக்கு நொச்சி. குச்சி ஒடித்து நட்டாலே வரும். வேலிக்குச் சங்கஞ்செடி, முள்ளும் உண்டு, கொண்டைக்குருவிக்குப் பழமும் உண்டு. மரம் ஒன்றே ஒன்று என்றால் புங்கம். உப்புத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும், கோடையில் துளிர்விட்டுப் பூக்கும். வேம்பு ஏற்கெனவே இருந்தால் இரட்டிப்பு லாபம். மழைக்குப் பின் தும்பை தானாக முளைக்கும், களையென்று செதுக்காமல் விட்டால் போதும்.

பட்டியல் இன்னும் வேண்டுமென்றால் நர்சரிக்குப் போகாதீர்கள், சித்திரை வெயிலில் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கும் தரிசுக்கும் போங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமல் பச்சையாக எது நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலத்தை மட்டும் கழித்துவிடுங்கள். போகியன்று காப்புக் கட்டுகிற வேப்பிலையும் ஆவாரம்பூவும் சிறுபீளையும் அப்படிப்பட்டவைதான்.

நடுவதில் ஓர் எச்சரிக்கை. வறட்சியைத் தாங்கும் என்றால் நட்ட மறுநாளிலிருந்தே தாங்கும் என்று அர்த்தமில்லை. வேர் ஆழம் போகும்வரை எல்லாச் செடியும் பச்சைக் குழந்தைதான். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதனால் புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து ஐப்பசி முதல் மழையில் நடுங்கள். கரிசலில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், கோடையில் மண் வெடித்து வேரை அறுக்கும். எனவே சற்று மேடு கட்டி நட்டு, மாசி பிறக்குமுன் சோளத்தட்டையும் சருகும் தூரைச் சுற்றிப் பரப்பிவிடுங்கள். முதல் கோடை மட்டும் வாரம் ஒருமுறை, தினமும் தெளிக்காமல், ஒரே தடவையாக ஆழ ஊற்றுங்கள். ஆவாரை விதையின் தோல் கெட்டி. சுடுதண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து நேராக நிலத்திலேயே போடுங்கள். பையில் வளர்ந்த செடியின் ஆணிவேர் சுருண்டுவிடும், நிலத்தில் முளைத்தது நேராக இறங்கும். வேப்பம் விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும், பழம் விழுந்தவுடன் போட்டுவிடுங்கள்.

மருந்து அடிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். கூடாது. வேப்பெண்ணெய்கூட வேண்டாம், அதுவும் புழுவைக் கொல்லும். இலை ஓட்டை ஓட்டையாக இருந்தால்தான் உங்கள் தோட்டம் வேலை செய்கிறது. முற்றம் முழுக்க சிமென்ட் போட்டுவிடவும் வேண்டாம், தனித்து வாழும் தேனீக்களில் பல வகை வெறும் மண்ணில்தான் வளை தோண்டும்.

இனி மாமியாரின் பாம்பு. அவர் பயம் நியாயமானது, சிரித்துத் தள்ளாதீர்கள். பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது, ஒளிய இடமிருந்தால் தங்குகிறது. அதனால் வீட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் புதர் எதுவும் வேண்டாம், அங்கே பெருக்கி வைத்த வெறும் மண்ணாக இருக்கட்டும். செங்கல், விறகு, தேங்காய் மட்டையை வாசலருகே குவிக்காதீர்கள். நான் சொன்ன காய்ந்த கட்டையும் வேலியோரந்தான். கோழித் தீவனம், சிந்திய தானியம் இருந்தால் எலி வரும், அதை மூடி வையுங்கள். இரவில் அந்தப் பக்கம் போகும்போது டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.