1,650 ரூபா குழாயும் தாத்தா வெட்டிய கானும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முகம் கொஞ்சம் உர்ரென்று இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பின்னால் கேட்பது பீலியில், அதாவது ஊற்றுத்தண்ணீர் பிடிக்கிற இடத்தில், தண்ணீர் விழுகிற சத்தம், மழை இல்லை. போன வீடியோவில் மழை என்று நினைத்துப் பத்திரமாக இருக்கச் சொல்லியிருந்தீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் பீலிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேர் அன்றைக்குப் பந்தியில் என் பெரியப்பா ஒருவர் (எந்தப் பெரியப்பா என்று சொல்லமாட்டேன், இதையும் பார்ப்பார்) எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "ஏம்மா, தேயிலைக்குள்ள கெடக்கவேணாம்னுதானே ஒன்னைய கேம்பஸுக்கு அனுப்புனோம். அங்க போயும் மண்ணையா கிண்டுற?" வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பாயாசத்தைக்கூட மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், நான் படிப்பது இயற்கை வள முகாமைத்துவம். மூன்றாம் வருடம். மண், நீர், காடு, வரைபடம், கொஞ்சம் பொருளியல், நிறையப் புள்ளிவிபரவியல். மண் பாடம் என்றால் உயிர். புள்ளிவிபரவியல் என்றால் காலையிலேயே வயிறு கலக்கும். "எந்தக் கேம்பஸ் அக்கா" என்று வாராவாரம் கேட்கிறீர்கள். அதை நான் சொல்வதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் உயர்தரம் எழுதிவிட்டு இசட் ஸ்கோரோடு காத்திருக்கிறவர்களுக்காக ஒன்று: சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் இயற்கை வளங்களுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, ஸ்ரீ ஜயவர்தனபுரவில் காட்டியலும் சுற்றாடல் விஞ்ஞானமும் இருக்கின்றன. நுவரெலியா, பதுளை மாவட்டப் பிள்ளைகளே, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் நாமும் வருகிறோம். பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டை ஒழுங்காக வாசியுங்கள்.

பெரியப்பா இன்னொன்றும் கேட்டார், மரம் எண்ணுகிற படிப்பா என்று. எண்ணுகிறோம்தான்! தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமரத்தின் பருமனை அளக்கிறோம். பைனஸ் காட்டில் செய்யச் சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பைனஸ் எனக்குப் பிடிக்காது, அதன் கீழே உதிர்ந்து கிடக்கிற ஊசியிலைமேல் நடப்பது பஞ்சு மெத்தையில் சறுக்குவது மாதிரி. முதல் வருடம் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போனார்கள். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் அங்கேதான் ஊற்று. எல்லோரும் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க ஓடினார்கள். நானும் என் கூட்டாளியும் கோர்ஸ் என்ற முட்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐரோப்பாவிலிருந்து வந்து புல்வெளியைப் பிடித்துக்கொண்ட செடி. மஞ்சள் பூ அழகாக இருக்கிறதென்று அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அப்புறம், குழாய். இந்த முறை ஒப்படை, அவரவர் ஊரில் ஒரு சரிவை எடுத்து அதில் மழைத்தண்ணீர் எப்படிப் போகிறதென்று அளந்து வரவேண்டும். நான் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே இருக்கிற மலையை எடுத்தேன். அங்கே கான் வெட்டியது என் தாத்தாவும் அவர் செட்டும். வெளியூர் ஆட்களுக்கு: கான் என்றால் தேயிலைக்குள் சரிவுக்குக் குறுக்கே போகிற வடிகால்.

பாகைமானியில் நூலும் நட்டும் கட்டிச் சரிவுமானி செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கேம்பஸில் எட்டுப் பேருக்கு ஒரு கருவி என்பதால் செய்தது. அந்தக் கருவிக்கும் என்னுடையதற்கும் 1 பாகைதான் வித்தியாசம் என்று குதித்தேன். அந்தப் பெருமையில் தூக்கிக்கொண்டு போனால், கானுக்கு அது உதவவே உதவாது. தேயிலை மலையில் குறுக்குக் கானின் இறக்கம் 120க்கு 1 இருக்கவேண்டும், அதாவது 120 அடி நடந்தால் 1 அடி இறக்கம். பாகையில் பார்த்தால் அரைகூட இல்லை. காற்றுக்கு என் நூல் ஆடுகிற ஆட்டமே 2 பாகை!

ஆகவே மேசன் பாஸ்மாரின் வழி: கண்ணாடி மாதிரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். டவுனுக்குப் போனேன். முதல் கடையில் மீட்டர் 180 ரூபா. தங்கமா விற்கிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு கடையில் அதே குழாய், அதே பச்சைக்கோடு, 110. பதினைந்து மீட்டர் 1,650. வெளியே வந்து மறுபடி முதல் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்தேன். அந்த முதலாளி பார்த்தார். மக்களே, பட்டமளிப்பு விழாவில்கூட இவ்வளவு சந்தோஷம் வருமா தெரியாது.

வீட்டில் நிரப்பினால் தண்ணீர் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. தம்பி ஒரு கேத்தல் சாயத்தண்ணீரை ஆறவைத்துக் கொண்டுவந்தான். சீனி போடாதது. ஊற்றினால் செம்பொன் நிறத்தில் மட்டம் பளிச்சென்று தெரிகிறது. பிறகு நடுவில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டது. சுண்டிப்பார்த்தோம், உதறிப்பார்த்தோம், முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் வாளியை உயரத்தில் வைத்து உறிஞ்சி இழுத்தபோதுதான் போனது. வாயெல்லாம் ஆறிப்போன சாயம்.

ஐயோ, சொல்ல மறந்துவிட்டேன்: தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் மலைக்குள் போனோம். நீங்களும் கேட்காமல் போகாதீர்கள். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டேன். தம்பி தேய்க்கவில்லை, நான்கு அட்டை.

12 மீட்டருக்கு ஒரு தடவை அளந்தோம். கணக்குப்படி 10 சென்டிமீட்டர் இறங்கவேண்டும். முதல் துண்டு 10.5. இரண்டாவது 9. நான் அங்கேயே கத்திவிட்டேன், "தாத்தாவின் கண் அளவு" என்று தம்ப்நெயிலும் மனதுக்குள் ரெடி. மூன்றாவது துண்டு 17. மறுபடி அளந்தோம், அதே 17. அந்த இடத்தில் கானின் அடி அரித்துக் கல் தெரிகிறது. பாடத்தில் படித்தது அப்படியே கண்முன்னால்: இறக்கம் கூடினால் தண்ணீர் கானையே தோண்டும், குறைந்தால் மண் படிந்து கரை உடைந்து கீழே இருக்கிற தேயிலையை இழுத்துக்கொண்டு போகும்.

இரவு ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்பிடும்போது தாத்தாவிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு. "கண்ணளவா? கண்டக்டர் ஐயா ட்ரேசர் வச்சுப் பாத்து முளை அடிச்சுக் குடுப்பாரு, நாங்க வெட்டுவோம்" என்றார். கண்டக்டர் என்றால் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், ட்ரேசர் என்றால் இறக்கம் பார்க்கிற கருவி. தம்ப்நெயில் போச்சு. மூன்றாவது துண்டில் மட்டும் முளையை மழை அடித்துக்கொண்டு போய்விட்டதாம், அங்கேதான் குத்துமதிப்பாக வெட்டினார்களாம். ஆக, கண் அளவு பிழையாகிப்போன இடம்தான் அந்த 17!

"அது தெரிஞ்சுதான் அந்த எடத்துல அணைய கிட்டக்கிட்ட வச்சோம் ஆயி. பாக்கலியா நீ?" என்றார் அப்புறம். பார்த்தேன். சரிந்து விழுந்த மண் என்று நினைத்து மிதித்துத் தாண்டி வந்தேன். கானுக்குள் கரையைவிடக் கொஞ்சம் பதிவாக மண் அணை விட்டால், தண்ணீர் ஒவ்வொன்றிலும் தேங்கி, மண்ணை இறக்கிவிட்டு, மேலால் வழிந்து அடுத்ததுக்குப் போகும். விரிவுரைக் குறிப்பில் படமே வரைந்திருக்கிறேன், கலர் பென்சிலால்! காலையில் திரும்பப் போய்ப் பார்த்தால் கரைந்தது போக இரண்டுதான் மிச்சம். கான் துப்புரவாக்கிக் கனகாலம் என்றார் அம்மா.

எங்கள் ஹப்புத்தளை முகட்டில் தெற்கே விழுகிற மழை வளவைக்குப் போகும். வடக்கே விழுவது ஊமா ஓயாவில் இறங்கி, ரந்தம்பை நீர்த்தேக்கத்துக்கு மண்ணையும் சுமந்துகொண்டு மகாவலியில் சேரும். எங்கள் லயம் வடக்குப் பக்கம். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை, அப்போது நான் சின்னப் பிள்ளை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்பதை நான் கேம்பஸில்தான் படித்தேன். பெரியப்பா, உங்கள் வீடு அந்த மூன்றாவது துண்டுக்கு நேர் கீழே. நாளைக்கு மண்வெட்டியோடு வருகிறீர்களா?

குழாயை அம்மா பீலியில் மாட்டிவிட்டார், குசினிக்குத் தண்ணீர் வருகிறதென்று ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை பஸ் ஏறுவதற்குள் அதை எப்படித் திரும்ப வாங்குவதென்று தெரியவில்லை. வருகிறேன் மக்களே.