ஒரே சரக்கு, வேறு முகம்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கரும்பலகை இல்லாமல் வேதியியல் பேச வேண்டியிருக்கிறது. சமன்பாடுகளிலிருந்து நீங்கள் தப்பித்தீர்கள். எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தில், சீரியம் ஆக்சைடு படிகத்தின் வடிவம் அதன் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

கோயில் கொடைகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதன் மேண்டிலில், அதாவது சூட்டில் ஒளிரும் வலைப்பையில், 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் வெளிச்சம் சோகை பிடித்துவிடும். இரண்டுக்கும் மூலம் மோனசைட் மணல். நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைப்பது அது. அங்கேயே கிடைக்கும் ஜிர்கான் மணலிலிருந்து ஜிர்கோனியம் ஆக்சைடு எடுக்கிறார்கள்.

இந்த ஜிர்கோனியம் ஆக்சைடில் கொஞ்சம் இட்ரியம் சேர்த்துச் சுட்ட தகடுதான் திண்ம ஆக்சைடு எரிபொருள் கலத்தின் உயிர். 800 டிகிரியில் அது காற்றின் ஆக்சிஜனை அயனியாகக் கடத்துகிறது. மறுபுறம் ஹைட்ரஜன் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நீராவியாக, எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே மின்சாரமாக ஓடுகின்றன. சுடர் கிடையாது. 1937-லேயே இதை இயக்கிக் காட்டிவிட்டார்கள். இன்னும் வீட்டுக்கு வீடு வராததற்கு முக்கியக் காரணம் அந்தச் சூடு. 600 டிகிரிக்கு இறக்கினால் மலிவான எஃகு தாங்கும், ஆனால் வினை சோம்பிவிடும். வினையைத் துரிதப்படுத்தும் வினையூக்கி வேண்டும்.

இங்கே சீரியம் ஆக்சைடு மறுபடி வருகிறது. தன் ஆக்சிஜனை எரிபொருளுக்குக் கொடுத்துவிட்டு, காலியான இடத்தைத் தகட்டிலிருந்து நிரப்பிக்கொள்ளும். வெளிர்மஞ்சள் பொடி, ஆக்சிஜனை இழக்க இழக்கக் கருநீலமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் என்பது படிகத்தின் முகத்தை, அதாவது அதன் எந்தப் பரப்பு வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சீரியம் நைட்ரேட்டையும் செறிவான சோடியம் ஹைட்ராக்சைடையும் மூடிய கலனில் ஒரு நாள் வேகவையுங்கள்: 100 டிகிரியில் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள குச்சிகள், 180 டிகிரியில் கனசதுரங்கள். எட்டு முகங்கள் கொண்ட எண்முகிப் படிகமும் உண்டு; அதன் முகங்களில் அணுக்கள் நெருக்கியடித்து நிற்பதால் ஆக்சிஜன் லேசில் பிரியாது. குச்சியின் பக்கங்களில் பிடி தளர்வு. ஆக்சிஜனேற்ற வினைகள் பலவற்றில் குச்சியும் கனசதுரமும் முந்துவது அதனால்தான். எல்லா வினைக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் எண்முகியே முந்தும்.

ஆனால், தளர்வான முகம் நிலையற்ற முகம். பனங்கற்கண்டை வாயில் போட்டால் முதலில் மழுங்குவது முனைகள்தானே? சூட்டில் குச்சிகளும் அப்படித்தான் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடுகின்றன. இந்தத் துறையின் பெரும்பாடு வடிவத்தை உண்டாக்குவதில் இல்லை, காப்பாற்றுவதில் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்காக, கலத்தில் வினை நடக்கும் இடமான மின்முனையை முதலில் கடுஞ்சூட்டில் சுட்டுவிட்டு, அதன் நுண்துளைகளுக்குள் படிகங்களைப் பிறகு புகுத்துகிறார்கள். சீரியத்தோடு ஜிர்கோனியம் கலந்தால் பொடி சூட்டைக் கூடுதலாகத் தாங்குகிறது.

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆய்வுக் கட்டுரையில் அழகான கனசதுரப் படம் கண்டால், அது கலத்தை ஓட்டுவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று முதலில் பாருங்கள். நன்றி, வணக்கம்.