பரிசு வாங்கினதா, விழுந்ததா?

வணக்கம் நேயர்களே. பரிசுங்கற சொல்லப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, ஒத்தச் சொல்லுக்கு பத்து நிமிஷமான்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன், ஆனா உக்காந்து யோசிச்சா விஷயம் அந்தச் சொல்லுல பாதிதான், மீதி அதுக்குப் பின்னாடி வர்ற வினைச்சொல்லுல இருக்கு.

கவனிச்சுப் பாருங்க, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச புள்ள பரிசு 'வாங்குச்சு'ம்போம், குலுக்கல்ல பேரு வந்தா பரிசு 'விழுந்துச்சு'ம்போம். ஓடி ஜெயிச்சவன பாத்து யாராவது உனக்குப் பரிசு விழுந்துச்சாமேன்னு கேட்டா அவனுக்கு சுருக்குன்னு இருக்கும், ஏன்னா விழுறதுல அவன் ஒழைப்பு எங்க இருக்கு, அது மேல இருந்து தானா விழுறது. பேப்பர்க்காரங்க மட்டும் எப்பவும் 'பரிசைத் தட்டிச் சென்றார்'னுதான் எழுதுவாங்க, என்னவோ பக்கத்துல நின்னவன் கையில இருந்து பறிச்சுட்டு ஓடின மாதிரி. தமிழ்நாட்டுல லாட்டரிச் சீட்டு வித்த காலத்துல பரிசு 'அடிச்சுது', 2003ல லாட்டரிய தடை பண்ணியாச்சு, சீட்டு போயிருச்சு ஆனா பேச்சு போகல, எதிர்பாராம ஏதாச்சும் நல்லது நடந்தா இன்னிக்கும் அவனுக்கு லாட்டரி அடிச்சுருச்சுப்பான்னுதான் சொல்றோம்.

இன்னொரு வேடிக்கை, பொறந்தநாளுக்குக் கொடுக்கறதும் பரிசு, போட்டியில கொடுக்கறதும் பரிசு. இப்ப வீட்டுல புள்ளைங்க இத ரெண்டா பிரிச்சுக்கிச்சு, பொறந்தநாள்னா கிஃப்ட்டு, போட்டின்னா ப்ரைஸு. அப்போ பரிசு எங்க போச்சுன்னா மேடைக்கு, மைக்குக்கு, பத்திரிகைக்கு. அங்கயும் பக்கத்துல விருதுன்னு ஒண்ணு நிக்குது, நோபல்னா பரிசு, ஞானபீடம்னா விருது, மாத்திச் சொன்னா காதுல ஒட்டாது. விருதுங்கறது பழசுல பட்டம், கொடி மாதிரி கௌரவச் சின்னத்தக் குறிச்ச சொல், அதனாலயோ என்னவோ ஸ்கூல்ல டிபன் பாக்ஸ் கொடுத்தா அத விருதுன்னு சொல்ல நமக்கு வாய் வரமாட்டேங்குது.

கல்யாணப் பேச்சுல வர்ற பரிசம் இருக்கே, சில ஊர்ல பரியம்பாங்க, பரியம் போட்டாச்சுன்னா பொண்ணு உறுதின்னு அர்த்தம், அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். மார்கழியில திருவெம்பாவை கேக்கறவங்களுக்கு 'இங்கிப் பரிசே எமக்கெங்கோன் நல்குதியேல்'ங்கற வரி தெரிஞ்சிருக்கும், அங்க பரிசுன்னா பொருள் இல்ல, விதம், இந்த விதமா அருள் பண்ணுன்னு கேக்கறாங்க. நானே ரொம்ப வருஷம் அத சாமிகிட்ட கிஃப்ட்டு கேக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சங்க காலத்துல இது பரிசில். புலவன் பாடுவான் ராஜா கொடுப்பான், அவ்வளவுதானேன்னு தோணும், ஆனா வாங்கறவனுக்கு இருந்த ரோஷம் இருக்கே அது கொஞ்சநஞ்சம் இல்ல. புறநானூறு 208வது பாட்டு, பெருஞ்சித்திரனார் மலையெல்லாம் தாண்டி அதியமானப் பாக்க வர்றாரு, அவன் நேர்ல பாக்காமலே பொருள அனுப்பி வச்சு வாங்கிட்டுப் போகச் சொல்றான். இவரு என்ன சொல்றாரு, என்னப் பாக்காம கொடுத்த இதுக்கு நான் ஒண்ணும் 'வாணிகப் பரிசிலன் அல்லேன்', அதாவது வியாபாரி மாதிரி பொருள மட்டும் வாங்கிட்டுப் போறவன் இல்ல, என் தகுதி தெரிஞ்சு கொடுத்தா தினை அளவு கொடுத்தாலும் இனிக்கும்ங்கறாரு. இன்னிக்கு ப்ரைஸ கூரியர்ல அனுப்பறவங்களுக்கு இத யாராச்சும் படிச்சுக் காட்டணும்.

கபிலர் இன்னும் ஒரு படி மேல, 121வது பாட்டுல மலையமான் காரிகிட்ட சொல்றாரு, பரிசில் கேட்டு எல்லாரும்தான் வருவாங்க, அள்ளிக் கொடுக்கறது ஈஸி, யாருக்கு என்ன தரம்னு அறியறதுதான் கஷ்டம், அதனால புலவர்கள எல்லாரையும் ஒரே கண்ணால பாக்காதேன்னு. கலந்துக்கிட்ட எல்லாருக்கும் ஒரே சர்டிஃபிகேட்டு நீட்டுற நம்ம காலத்த பாத்தா அவரு என்ன சொல்லுவாரோ.

ஆனா ஆறுதல் பரிசுன்னு ஒண்ணு வச்சிருக்கோம் பாருங்க, அதுல எனக்கு கபிலரோட கொஞ்சம் சண்டை உண்டு. சின்ன வயசுல பேச்சுப்போட்டியில நடுவுல மறந்து போய் முழிச்சுட்டு நின்னவனுக்கு ஒரு சோப்பு டப்பா கொடுத்தாங்க, அந்த டப்பாவத்தான் வீட்டுல மூணு நாள் எல்லார்கிட்டயும் காட்டிட்டுத் திரிஞ்சேன், அந்த வருஷம் முதல் பரிசு என்னன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க, வரேன், வணக்கம்.